வயிறு நிறைந்தும் பட்டினி: குளிர்க்கடல் சிற்றுயிர்களை வாட்டும் பிளாஸ்டிக் துகள்கள்

கடல் மாசு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை ஆமையின் மூக்கில் சிக்கிய உறிஞ்சுகுழாயும், திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த பிளாஸ்டிக் பைகளும்தான். அவை கண்ணுக்குத் தெரிகின்றன. பார்த்ததும் மனம் பதைக்கிறது. ஆனால், யார் கண்ணிலும் படாமல் பிளாஸ்டிக்கை விழுங்கிக்கொண்டிருக்கும் உயிர்கள் கடலில் ஏராளம். அவற்றுள் பல, ஓர் அரிசிமணியைவிடவும் சிறியவை. அவை கரை ஒதுங்குவதில்லை. யாரும் அவற்றைப் படம் பிடிப்பதும் இல்லை. ஆயினும் ஹெர்ரிங் மீன் முதல் திமிங்கலம் வரை குளிர்க்கடலின் பெரிய உயிர்கள் பலவும் இந்தச் சிற்றுயிர்களை நம்பியே வாழ்கின்றன.

இவற்றையே விலங்கு மிதவை உயிர்கள் என்கிறார்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை இல்லாமல், அது போகும் போக்கில் மிதந்து செல்வதால் இந்தப் பெயர். வடதுருவத்தையும் தென்துருவத்தையும் சூழ்ந்த குளிர்க்கடல்களில் வாழும் இந்த உயிர்களைப் பிளாஸ்டிக் துகள்கள் என்ன செய்கின்றன? கடந்த சில ஆண்டுகளாக அறிவியலாளர்கள் இந்தக் கேள்வியை ஆராய்ந்து வருகிறார்கள். இதுவரை கிடைத்துள்ள விடை சற்று வியப்பானது. துகள்கள் இவற்றை உடனே கொல்வதில்லை. மாறாக, வயிறு நிறைந்திருக்கும்போதே பட்டினி போடுகின்றன.

நுண்பிளாஸ்டிக் என்பது எது?

5 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். இவற்றில் சில, தொழிற்சாலையிலேயே சிறு மணிகளாகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவையோ பெரிய பொருள்கள் சிதைந்து உண்டானவை. வெயிலும் அலையும் பட்டு நொறுங்கிய போத்தல்கள், மீன்பிடி வலைகளின் இழைகள், வாகனச் சக்கரங்களின் தேய்மானத் தூள், செயற்கை நூல் ஆடைகளைத் துவைக்கும்போது உதிரும் பஞ்சு ஆகிய எல்லாமே இதில் அடங்கும்.

பிளாஸ்டிக் மக்கிப் போவதில்லை. துண்டு துண்டாகச் சிறுத்துக்கொண்டே போகிறது. மனிதனின் பார்வையில் குப்பை மறைந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில், அது சிறிய உயிர்களின் வாய்க்குப் பொருத்தமான அளவை எட்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன். 2004ஆம் ஆண்டில் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில் சுவையான ஒரு செய்தி உண்டு. வணிகக் கப்பல்களின் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்துச் சென்று, ஓடிக்கொண்டிருக்கும் பட்டுத் துணியில் மிதவை உயிர்களைச் சேகரிக்கும் முறை 1931ஆம் ஆண்டு முதல் வட அட்லாண்டிக் பகுதியில் நடந்து வருகிறது. ஸ்காட்லாந்திலிருந்து ஷெட்லாந்து தீவுகளுக்கும் ஐஸ்லாந்துக்கும் செல்லும் கப்பல் தடங்களில் அப்படிச் சேகரித்துப் பாதுகாத்து வைத்த மாதிரிகளைத் தாம்சன் குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள். 1960களின் மாதிரிகளிலேயே பிளாஸ்டிக் இழைகள் இருந்தன. பிந்திய ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது. உயிர்களைப் பிடிக்க விரித்த பட்டுத் துணி, மனிதன் கடலில் விட்ட குப்பைக்கும் சாட்சியாகிவிட்டது.

குளிர்க்கடலின் கொழுப்புக் கிடங்கு

குளிர்க்கடல் மிதவை உயிர்களில் முதலிடம் பெறுவது கோபிபோட் இனம். துடுப்பு போன்ற கால்களைக் கொண்டிருப்பதால், கிரேக்க மொழியில் துடுப்புக்காலி என்ற பொருளில் இப்பெயர் வந்தது. இறாலுக்கும் நண்டுக்கும் இது தூரத்து உறவு. வட அட்லாண்டிக்கிலும் வடதுருவக் கடலிலும் வாழும் கலானஸ் என்னும் வகை, இவற்றுள் தனிச் சிறப்புடையது.

வடதுருவத்தில் மாதக்கணக்கில் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. வெளிச்சம் இல்லாதபோது கடலில் பாசி வளராது. பாசி வளராதபோது அதைத் தின்னும் உயிர்களுக்கு உணவு இல்லை. வசந்தம் வந்ததும் நுண்பாசிகள் திடீரெனப் பெருகும். அந்தச் சில வாரங்களில் கலானஸ் வயிறாரத் தின்று, தின்றதைக் கொழுப்பாக மாற்றி உடலில் சேர்த்து வைக்கிறது. மழைக்காலத்துக்கு எறும்பு தானியம் சேர்ப்பதைப் போன்றதுதான் இதுவும். எறும்பு புற்றில் சேர்க்கிறது. கலானஸ் தன் உடலுக்குள்ளேயே சேர்க்கிறது. நன்கு வளர்ந்த கலானஸின் உலர்ந்த எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாகவே இருப்பதுண்டு. கண்ணாடி போன்ற அதன் உடலினுள் நீண்ட எண்ணெய்ப் பை ஒன்றை நுண்ணோக்கியில் காணலாம்.

உணவுக் காலம் முடிந்ததும் அது பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, குளிர்காலம் முழுவதும் ஏறக்குறைய உறக்க நிலையில் கிடக்கும். அப்போது உயிரைக் காப்பது அந்தக் கொழுப்புதான். பெரிய உடல் கொண்ட ஒரு கலானஸ் வகை, ஆழத்தில் கிடந்தபடியே, வெளியிலிருந்து உணவு ஏதும் கிடைக்காத நிலையில், சேமித்த கொழுப்பை மட்டும் கொண்டு முட்டைகளையும் இட்டுவிடுகிறது.

குளிர்க்கடலின் மற்ற உயிர்களும் இந்தக் கொழுப்பையே தேடி வருகின்றன. ஹெர்ரிங், கானாங்கெளுத்தி ஆகிய மீன்கள் கலானஸை விரும்பித் தின்கின்றன. ஸ்வால்பார்ட் தீவுகளில் கூடு கட்டும் லிட்டில் ஆக் என்னும் சிறு கடற்பறவை, தன் குஞ்சுக்கு இதையே அள்ளி வந்து ஊட்டுகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம், பல டன் எடையுள்ள தன் உடலை இந்த அரிசிமணி உயிர்களைக் கொண்டே வளர்க்கிறது. மீன் எண்ணெயில் இருக்கிறது என்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஒமேகா-3 கொழுப்பும் மீன் தானாக உண்டாக்கியதன்று. நுண்பாசியில் தொடங்கி, இத்தகைய சிற்றுயிர்களின் வழியாகவே அது மீனை அடைகிறது.

ஆகவே, கலானஸ் சேர்க்கும் கொழுப்பு சற்றுக் குறைந்தாலும் அது ஓர் உயிரின் இழப்போடு நிற்பதில்லை.

ஆளில்லாக் கடலுக்குக் குப்பை எப்படி வந்தது?

மனிதர்கள் அதிகம் வாழாத துருவக் கடல்களுக்குப் பிளாஸ்டிக் எப்படிப் போகிறது என்ற ஐயம் எழலாம். நீரோட்டமும் காற்றும்தான் அதைக் கொண்டு செல்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டம், மிதக்கும் பிளாஸ்டிக்கைக் கிரீன்லாந்து கடலிலும் பேரண்ட்ஸ் கடலிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதை 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு மேல் போக வழியில்லாததால், அப்பகுதி குப்பைக்கு ஒரு முட்டுச்சந்து போல ஆகிவிட்டது.

காற்றின் பங்கும் குறைவன்று. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேக்னர் நிலையத்தைச் சேர்ந்த மெலனி பெர்க்மனின் குழு 2019ஆம் ஆண்டில் வடதுருவப் பகுதியில் பெய்த பனியை ஆராய்ந்தபோது, அதை உருக்கிய நீரில் லிட்டருக்குச் சராசரியாக 1,760 துகள்கள் இருந்தன. 2022ஆம் ஆண்டில் தென்துருவத்தின் ரோஸ் தீவுப் பகுதியில் எடுத்த பனியிலும் லிட்டருக்குச் சராசரியாக 29 துகள்கள் இருந்தது தெரியவந்தது.

2021ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, வடதுருவக் கடலின் 71 இடங்களில் நீரைச் சோதித்தது. ஒரு கன மீட்டர் நீரில் சராசரியாக 40 துகள்கள் இருந்தன. அவற்றில் நூற்றுக்கு 92 செயற்கை இழைகள். அந்த இழைகளில் பெரும்பகுதி பாலியெஸ்டர். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் துருவக் கடலுக்கும் உள்ள தொடர்பை இந்த எண்கள் சொல்லாமல் சொல்கின்றன.

சிற்றுயிர் ஏன் ஏமாறுகிறது?

கலானஸ் தன் வாயருகே உள்ள மெல்லிய உறுப்புகளால் நீரைத் தன் பக்கம் இழுத்து, அதில் வரும் பாசித் துகள்களைப் பிடித்துத் தின்கிறது. பாசியின் அளவும் நுண்பிளாஸ்டிக்கின் அளவும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. பிரிட்டனில் மேத்யூ கோல் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2013ஆம் ஆண்டில் நடத்திய சோதனையில், 15 வகை மிதவை உயிர்களில் 13 வகை பிளாஸ்டிக் மணிகளை விழுங்கின.

அளவு மட்டுமே காரணமன்று; மணமும் ஒரு காரணம். கடலில் சில நாள் மிதந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் பாக்டீரியாவும் படிந்து வழுவழுப்பான ஒரு படலம் உண்டாகிறது. அதனால் அது உணவைப் போலவே மணக்கத் தொடங்குகிறது. பாசிகள் வெளியிடும் ஒரு கந்தகப் பொருளின் மணத்தை நைலான் இழைகளில் ஏற்றிக் கொடுத்தபோது, கலானஸ் வகை ஒன்று அவற்றை மூன்று மடங்கு அதிகமாக விழுங்கியதை 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டறிந்தது. புதிய பிளாஸ்டிக்கைவிடக் கடலில் ஊறிய பழைய பிளாஸ்டிக்கையே இந்த உயிர்கள் எளிதில் விழுங்குகின்றன என்று 2017ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது.

விழுங்கியபின் நடப்பது என்ன?

விழுங்கிய துகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கழிவோடு வெளியேறிவிடுகிறது. அப்படியானால் பாதிப்பு எங்கே? துகள் குடலில் இருக்கும் நேரம், உணவு இருக்க வேண்டிய நேரம். இடத்தை அடைத்துக்கொள்கிறது, சத்து எதுவும் தருவதில்லை.

2015ஆம் ஆண்டில் மேத்யூ கோலின் குழு, பிரிட்டனைச் சூழ்ந்த கடலில் வாழும் கலானஸ் வகை ஒன்றைப் பாசியும் பிளாஸ்டிக் மணியும் கலந்த நீரில் விட்டுப் பார்த்தது. பிளாஸ்டிக் மணியின் அளவை ஒத்த பெரிய பாசிகளை அந்த உயிர்கள் தவிர்த்து, சிறிய பாசிகளையே தின்றன. விளைவாக, 24 மணி நேரத்தில் அவை பெற்ற உணவுச் சத்து 40 விழுக்காடு குறைந்தது. பல நாள் கழித்துப் பார்த்தபோது, அவை இட்ட முட்டைகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் முட்டைகள் சிறுத்திருந்தன. பொரிக்கும் வீதமும் குறைந்திருந்தது. இந்தச் சோதனையில் இறப்பு கூடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றியிருக்கும். தாய் உயிரோடு இருந்தது. வலுவிழந்தது அடுத்த தலைமுறை.

2019ஆம் ஆண்டில் அதே ஆய்வாளர்கள், குளிர்க்கடலுக்கே உரிய கலானஸ் வகையின் இளம் உயிர்களைச் சோதித்தார்கள். நைலான் இழைகளைக் கொடுத்தபோது அவை தின்னும் பாசியைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. நைலான் துகளாயினும் இழையாயினும், இளம் உயிர்கள் உரிய காலத்துக்கு முன்பே சட்டை உரித்து அடுத்த பருவத்துக்குப் போய்விட்டன. இது நல்ல வளர்ச்சியன்று. வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்து முடிக்கும் முன்னரே அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்படுவது, பாடம் முடியுமுன் பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்புவதைப் போன்றது. நைலானில் கலந்துள்ள வேதிப்பொருள்களுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வெப்பக்கடல் கோபிபோட்டுக்கு ஓராண்டில் பல தலைமுறைகள் உண்டு. ஒரு வாரம் சரியாகத் தின்னவில்லை என்றால் மறுவாரம் ஈடு கட்டிக்கொள்ளலாம். குளிர்க்கடல் கலானஸுக்கு அந்த வசதி இல்லை. அதன் வளர்ச்சி மெதுவானது. சில வகைகள் முழு வளர்ச்சி பெறவே பல ஆண்டுகள் ஆகும். உணவுக் காலமோ சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் தவறவிட்ட உணவை அடுத்த வசந்தத்தில்தான் தேட முடியும். அதுவரை உயிர் தாங்குமா என்பதே கேள்வி.

கழிவிலும் ஒரு கணக்கு

பாதிப்பு இத்துடன் முடிந்துவிடவில்லை. மிதவை உயிர்களின் கழிவு சிறு உருண்டைகளாகக் கடலடிக்கு இறங்குகிறது. பாசி காற்றிலிருந்து உள்வாங்கிய கரியமிலவாயுவின் கரி, இந்த உருண்டைகளோடு சேர்ந்து ஆழத்துக்குப் போய்விடுகிறது. பூமி மேலும் சூடேறாமல் இருக்க இயற்கை செய்து வைத்த ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, பிளாஸ்டிக் மணிகள் கலந்த கழிவு உருண்டைகள் இயல்பைவிட 2.25 மடங்கு மெதுவாக இறங்கின. மெதுவாக இறங்கும் உருண்டை வழியிலேயே சிதைந்துபோக அல்லது வேறு உயிரின் வாயில் விழ அதிக வாய்ப்பு உண்டு. அப்படி நேர்ந்தால் கரி ஆழத்தை எட்டுவதில்லை. பிளாஸ்டிக்கும் மேல்மட்டத்திலேயே மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது. கலானஸ் தன் கொழுப்போடு ஆழத்துக்கு இறங்கும்போது கொண்டு செல்லும் கரியும் சிறிதன்று என்பதை 2015ஆம் ஆண்டில் வட அட்லாண்டிக் பற்றிய ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே, கழிவு இறங்கும் வழி, கொழுப்பு இறங்கும் வழி என்னும் இரண்டிலுமே பிளாஸ்டிக் குறுக்கே நிற்கக்கூடும்.

தென்துருவத்தின் கிரில்

வடக்கே கலானஸ் வகிக்கும் இடத்தைத் தெற்கே கிரில் வகிக்கிறது. சுமார் 6 செண்டிமீட்டர் நீளம் வளரும் இந்த இறால் போன்ற உயிரை நம்பியே பெங்குவின்களும் சீல்களும் நீலத் திமிங்கலங்களும் வாழ்கின்றன. மருந்துக் கடைகளில் கிரில் எண்ணெய் மாத்திரையாக விற்கப்படுவதும் இதிலிருந்து எடுத்ததே.

2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிரிலுக்குப் பாலிஎத்திலின் மணிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிரிலின் வயிற்றில் உணவை அரைக்கும் அமைப்பு உண்டு. அது பாசியை அரைப்பது போலவே பிளாஸ்டிக்கையும் அரைத்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய தூளாக்கி வெளியேற்றியது. முதலில் இதை நல்ல செய்தி என்று எண்ணத் தோன்றலாம். ஆனால், கிரிலின் வாய்க்குப் பொருந்திய துகள், இப்போது அதைவிடச் சிறிய உயிர்களின் வாய்க்கும் பொருந்துகிறது. எளிதில் உடல் திசுக்களுக்குள் புகும் அளவையும் அது எட்டிவிடுகிறது.

கடல்நீர் அமிலத்தன்மை கூடிய நிலையில் இத்தகைய மிக நுண்ணிய துகள்களும் சேர்ந்துகொண்டால், கிரில் முட்டையின் கரு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது என்று 2021ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிளாஸ்டிக் தனியாக வருவதில்லை. வெப்பம், அமிலம், பனி உருகல் ஆகியவற்றோடு சேர்ந்தே வருகிறது.

ஆய்வுக்கூடமும் கடலும் ஒன்றா?

நியாயமான ஒரு மறுப்பும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் கொடுக்கும் அளவு கடலில் இருக்கிறதா? 2019ஆம் ஆண்டு சோதனையில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறக்குறைய 50 நைலான் துகள்கள் இருந்தன. ஒரு கன மீட்டருக்குக் கணக்கிட்டால் 5 கோடி. திறந்த கடல்நீரில் மேலே கண்ட 40 எங்கே, இந்த 5 கோடி எங்கே? இன்று கடலில் உள்ள எல்லாக் கலானஸும் பட்டினி கிடக்கிறது என்று எவரும் சொல்லிவிட முடியாது. வட பசிபிக் கடலில் பிடித்துச் சோதித்தபோது, கோபிபோட்களில் 34க்கு ஒன்றும் கிரில் வகையில் 17க்கு ஒன்றும் மட்டுமே துகளை விழுங்கியிருந்ததாக 2015ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது.

ஆனால் இந்த மறுப்புக்கும் மறுமொழி உண்டு. கடல்நீரைச் சோதிக்கப் பயன்படும் வலைகளும் சல்லடைகளும் மிக நுண்ணிய துகள்களைத் தப்பவிட்டுவிடுகின்றன. கலானஸ் விழுங்குவதோ அத்தகைய நுண்துகள்களைத்தான். மேலும், துகள்கள் எங்கும் ஒரே அளவில் பரவிக் கிடப்பதில்லை. 2018ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் வேக்னர் நிலையம் வெளியிட்ட ஆய்வில், வடதுருவக் கடல் பனிக்கட்டியில் ஓரிடத்தில் லிட்டருக்கு 12,000 துகள்கள் வரை இருந்தன. அதாவது, மில்லிலிட்டருக்கு 12. ஆய்வுக்கூடத்தின் 50க்கும் இந்த 12க்கும் உள்ள இடைவெளி அப்படி ஒன்றும் பெரிதன்று. அந்தத் துகள்களில் பாதிக்கும் மேல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைவிடச் சிறியவை.

பனிக்கட்டி உருகும்போது துகள்கள் கடல்நீரில் கலந்து செறிவு குறைந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும், அது உருகும் காலம் எது? வசந்தம். பனியின் அடியில் பாசி படர்ந்து, கலானஸ் மேலே வந்து ஓராண்டுக்கான உணவைத் தேடும் அதே காலம். பசித்த உயிரும், உணவும், பிளாஸ்டிக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சராசரி எண்கள் இந்தச் சந்திப்பைக் காட்டுவதில்லை.

குழாயை மூடுவதே வழி

ஆமையைச் சுற்றிய வலையை அறுத்து விடலாம். கரையில் ஒதுங்கிய போத்தலைப் பொறுக்கி எடுக்கலாம். ஆனால், பாசியின் அளவே உள்ள துகளைக் கடலிலிருந்து வடிகட்டப் புறப்பட்டால், அதோடு பாசியும் கலானஸும் மீன் முட்டையும் சேர்ந்தே வந்துவிடும். கடலில் கலந்த நுண்பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க வழியில்லை. வீட்டில் தண்ணீர் நிரம்பி வழியும்போது, தரையைத் துடைப்பதற்கு முன் குழாயை மூட வேண்டும் அல்லவா?

மூட முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. முகம் கழுவும் பசைகளிலும் பற்பசைகளிலும் கலந்த பிளாஸ்டிக் மணிகளை அமெரிக்கா 2015ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் மூலம் தடை செய்தது. பிரிட்டனில் 2018ஆம் ஆண்டில் தடை நடப்புக்கு வந்தது. பிளாஸ்டிக் மாசுக்கு எதிராக உலக ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் நைரோபியில் நாடுகள் முடிவெடுத்தன. ஆனால், 2024ஆம் ஆண்டு பூசானில் நடந்த பேச்சும், 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் உடன்பாடு இல்லாமலேயே முடிந்தன. பிளாஸ்டிக் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவதா, குப்பையை மட்டும் கையாள்வதா என்பதில் நாடுகள் பிளவுபட்டு நின்றதே முக்கியக் காரணம். 1950இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன்னாக இருந்த உலக உற்பத்தி, இப்போது 40 கோடி டன்னைத் தாண்டிவிட்டது.

அரசுகள் முடிவெடுக்கும்வரை வீடுகளில் செய்யக்கூடியவையும் இல்லாமல் இல்லை. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று பிளைமவுத் பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டில் கண்டறிந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டாலும் எஞ்சியவை கடலுக்கே போகின்றன. தேவைக்கு மேல் செயற்கை நூல் ஆடைகளை வாங்காமல் இருப்பது, இருப்பதை நீண்ட நாள் உடுத்துவது, இயந்திரம் நிறைந்தபின் துவைப்பது ஆகியவை எளிய வழிகள்.

வெப்பநாட்டில் இருந்துகொண்டு துருவக் கடலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இந்த நாட்டுப் பேரங்காடிகளில் விற்கும் வெளிநாட்டு சால்மனும் மீன் எண்ணெய் மாத்திரையும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். துருவத்தின் இருளில், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், ஒரு சிறு உயிர் தன் கொழுப்பை மட்டும் நம்பி வசந்தத்துக்காகக் காத்திருக்கிறது. அதன் எண்ணெய்ப் பை நிறைந்திருக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்பதில் அதன் உயிர் மட்டுமன்றி, அதை நம்பிய மீனும் பறவையும் திமிங்கலமும் அடங்கியிருக்கின்றன.